தேதி எழுதாத பற்றுச்சீட்டும் வந்து சேராத அடுப்பும்: விற்பனையாளர்களின் போக்குக்கு எமது கண்டனம்

கண்டன அறிக்கை

வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு இலையுதிர் காலத்திலேயே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, மாரி நடுவிலும் அதைக் கொண்டுவந்து பூட்டாமல் இழுத்தடிக்கும் விற்பனையாளர்களை, ஒன்ராறியோவில் வாழும் தமிழ் வீட்டு உரிமையாளர்களின் சங்கமாகிய நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் விட்டதையும், கேட்டதற்காக ஏசியதையும் கண்டிக்கிறோம். பணத்தை மீளப் பெறும் கோரிக்கைகள் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனங்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறோம்.

ஃபேர்னஸ் இருக்கிற வீட்டுக்கு இன்னோர் அடுப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எரிவாயு ஃபேர்னஸின் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. மின்சாரம் போனால் குழாயில் எரிவாயு இருந்தும் வீடு குளிர்ந்துவிடும். 2013 டிசெம்பரில் உறைமழைப் புயல் அடித்தபோது ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தாரன்றும் இருட்டில் இருந்த வீடுகள் பல. குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டி, காபன் மொனொக்சைட் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. 2025 மார்ச் இறுதியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கங்களில் அதே நிலைமை திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் உறுப்பினர்களில் பலர் விறகு அடுப்பும், மின்சாரம் இல்லாமலே எரியக்கூடிய எரிவாயு அடுப்பும் வாங்கத் தீர்மானித்தார்கள். வயதான தாய் தகப்பனையும் கைக்குழந்தைகளையும் வைத்திருப்பவர்கள் அவர்கள். சேமிப்பிலிருந்து பல ஆயிரம் டொலர் எடுத்துக் கொடுத்தார்கள்.

நடந்தது என்ன? செப்ரெம்பரில் பணம் கட்டும்போது, ஒக்ரோபர் நன்றியறிதல் நாளுக்கு முன் பூட்டித் தருவதாக வாய்ப்பேச்சு. ஒக்ரோபரில், தொழிற்சாலையில் தாமதம் என்றார்கள். நொவெம்பரில், லொறி நிரம்பினால்தான் அனுப்புவார்கள் என்றார்கள். டிசெம்பரில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. ஒரு குடும்பம் பொறுமை இழந்து உற்பத்தி நிறுவனத்தையே நேரடியாக விசாரித்தபோது, அவர்கள் பெயரில் அப்படியொரு கட்டளையே பதிவாகவில்லை என்று தெரியவந்தது. அவர்கள் கொடுத்த பணம் அதுவரை எங்கே இருந்தது? முன்னர் வாங்கியவரின் கடனை அடைக்கப் போனதா, கடை வாடகைக்குப் போனதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. சாமானுக்குக் கட்டளையே கொடுக்காமல் சாமான் வருகிறது, வருகிறது என்று மாதக்கணக்கில் சொல்வதை நாங்கள் தாமதம் என்று அழைக்க மாட்டோம். அது ஏமாற்று.

எங்களுக்கு வந்த பற்றுச்சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குறை இருந்தது. விலை இருக்கிறது, 13 சதவீத வரி இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. அடுப்பு வந்து சேர வேண்டிய தேதி மட்டும் இல்லை. தேதி எழுதாவிட்டால் பிந்திவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது என்பது விற்பனையாளரின் கணக்கு. அந்தக் கணக்கு பிழை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து 30 நாட்கள் கடந்தும் பொருள் வராவிட்டால், அது வருவதற்கு முன் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். தேதியே எழுதப்படாவிட்டால் அந்த 30 நாட்கள் ஒப்பந்தம் செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அதாவது தேதியை வெறுமையாக விட்டவர் தனக்குத்தான் குழி வெட்டியிருக்கிறார். ரத்துச் செய்த பின் 15 நாட்களுக்குள் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். விசேட கட்டளை, திருப்பியெடுக்கும் கட்டணம் என்று சொல்லி மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள இங்கே இடமில்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் கொடுத்த உரிமையை அது பறிக்காது.

இதை அறிந்த சில விற்பனையாளர்கள் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். முப்பதாவது நாள் நெருங்கும்போது, கோப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கிறார்கள். அதில் புதிய தேதி ஒன்று இருக்கும். எழுத்தில் அதற்கு உடன்பட்டால் 30 நாள் கணக்கு அந்தப் புதிய தேதியிலிருந்து மறுபடி தொடங்கும். கெடு முடிந்த பிறகு, சரி, அடுப்பை அனுப்புங்கள் என்று ஒத்துக்கொண்டாலும் ரத்துச் செய்யும் உரிமை கைவிட்டுப் போகும். ஆங்கிலப் பத்திரத்தை வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களிடம் விளக்கம் சொல்லாமல் இப்படிக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். இதை எங்களால் மன்னிக்க முடியாது.

மனதை அதிகம் வருத்துவது வேறொன்று. இந்த வியாபாரம் எங்கள் மொழியில் நடந்தது. தமிழ் வானொலியில் விளம்பரம், தமிழ்ப் பத்திரிகையில் முழுப்பக்கம், கோயில் திருவிழாவில் கூடாரம். தாமதம் பற்றிக் கேட்டால், “அண்ணை, நாங்கள் உங்கட ஆக்கள்தானே, யோசிக்காதேங்கோ, அடுத்த கிழமை வந்திடும்” என்ற பதில். உங்கட ஆக்கள் என்ற அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் மக்கள் எழுத்தில் எதையும் கேட்கவில்லை. வேற்று இனத்தவரின் கடை என்றால் பத்துத் தடவை விசாரித்திருப்பார்கள். உறவுமுறை சொல்லி வாங்கிய நம்பிக்கையை இப்படிப் பாழாக்கினால், நேர்மையாகத் தொழில் செய்யும் தமிழ் வியாபாரிகளையும் சனம் நம்பாது. அந்த நட்டத்துக்கும் இவர்களே பொறுப்பு.

கேட்ட அடுப்பு வராத இடத்தில் கேட்காத அடுப்பு வந்த கதையும் உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருந்ததைத் துடைத்துக் கொண்டுவந்து, இது அதைவிடத் திறம் என்று சொல்லி இறக்கியிருக்கிறார்கள். விறகு அடுப்பில் வகை மாறுவது சின்ன விஷயம் அல்ல. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எந்த அளவுப் புகைபோக்கி பொருந்தும் என்பதெல்லாம் அந்தந்த வகையின் சான்றுத் தகட்டிலும் கையேட்டிலும் உள்ளபடி நடக்க வேண்டும். நகரசபையின் கட்டட அனுமதியும் வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும், விறகு அடுப்புகளைப் பரிசோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்றவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும். எரிவாயு அடுப்பென்றால் மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயில் (TSSA) பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரே பூட்ட வேண்டும். அனுமதி இல்லாமல், தெரிந்த பொடியனைக் கொண்டு பூட்டிவிட்டுப் போனவர், நாளை தீப்பிடித்தால் வந்து நிற்கப் போவதில்லை.

உற்பத்தியாளர் பக்கத் தாமதங்கள் உண்மையிலேயே உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் உதிரிப்பாகம் இல்லாமல் எல்லாரும் தவித்தார்கள். செப்ரெம்பர் தொடங்கினால் எல்லாக் கடைகளிலும் கட்டளைகள் குவியும் என்பதையும் அறிவோம். ஆனால் நேர்மையான விற்பனையாளர் அந்த நிலைமையைப் பணம் வாங்குமுன் சொல்வார். உற்பத்தியாளர் அனுப்பிய கட்டளை உறுதிப் பத்திரத்தைக் காட்டுவார். சிறு முற்பணம் வாங்கி, மீதியை அடுப்பு பூட்டி எரிந்த பிறகு கேட்பார். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களால் முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும்.

எனவே கெடு கடந்தும் அடுப்புக் கொடுக்காத, ரத்துக் கடிதம் கிடைத்தும் பணம் திருப்பாத விற்பனையாளர்கள், இந்த அறிக்கை வெளியாகி 15 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுவோம். உறுப்பினர்கள் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போகத் துணை நிற்போம். 2025 ஒக்ரோபர் 1 முதல் அங்கே 50,000 டொலர் வரை கோரலாம். தங்கள் பெயரில் முகவர்கள் பணம் வாங்கும்போது, கட்டளை பதிவானதா என்பதை வாங்கியவரே சரிபார்க்க உற்பத்தியாளர்கள் வழிசெய்ய வேண்டும்.

மாகாண அரசுக்கும் ஒரு கோரிக்கை. இந்த மாகாணத்தில் பயண முகவர்கள் வாடிக்கையாளரின் பணத்தைத் தனி நம்பிக்கைக் கணக்கில் வைக்கச் சட்டம் இருக்கிறது, பயணம் கெட்டால் நட்டஈடு தர நிதியம் இருக்கிறது. விமானச் சீட்டுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, குளிரில் உயிர் காக்கும் சாதனத்துக்கு ஏன் இல்லை? வீடு வீடாகப் போய் ஃபேர்னஸ் விற்பதை 2018இல் தடுத்தீர்கள். வீட்டு உறுதியின் மீது கடன் அறிவித்தல் பதியும் கொடுமையை 2024 ஜூனில் நிறுத்தினீர்கள். முற்பண விடயத்திலும் அதே துணிவு வேண்டும். தமிழ் ஊடகங்களும், முறைப்பாடு நிலுவையில் உள்ள விற்பனையாளர்களின் விளம்பரத்தை ஏற்கக் கூடாது என்று உரிமையோடு கேட்கிறோம்.

உறுப்பினர்களே, வரி இல்லாமல் காசாகத் தந்தால் மலிவு என்ற பேச்சை நம்பவேண்டாம். கடனட்டையில் கட்டுங்கள். ரத்துச் செய்தும் 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுதி அந்தக் கட்டணத்தை நீக்கக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. காசுக்கும் மின்பரிமாற்றத்துக்கும் இந்த வழி கிடையாது. ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படுவோருக்கு எமது தொண்டர்கள் எழுதித் தருவார்கள். பற்றுச்சீட்டையும் வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள்.

இவ்வண்ணம்,
செயற்குழு சார்பில்
தலைவர், செயலாளர்