எத்தனை கிலோ?

மலையேறும் நண்பர்களே, இருவர் டென்ட் வாங்கக் கடைக்குப் போனால் நாமெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" நானும் அதைத்தான் கேட்டேன். ஒன்றரைக் கிலோ ஒற்றைத் துணி டென்ட்டை வாங்கி, உத்தரகாண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரக் கேதார்கண்டா ஏறப் போனோம்.

முதல் ராத்திரி மூணு மணிக்கு நண்பன் எழுப்பினான்: "டேய், மழைடா!" எட்டிப் பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம். மழை எங்கள் மூச்சுதான்! இரண்டு பேர் விட்ட மூச்சின் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டியது. (ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே சங்கதி.) ஸ்லீப்பிங் பேக் நனைந்து அவன் நடுங்கிய நடுக்கத்தில், விடியும்வரை எனக்கு உயிரே இல்லை.

என் கட்சி இதுதான்: அரைக் கிலோ கூடினாலும் இரட்டைத் துணி டென்ட்டே வாங்குங்கள். உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, நடுவே காற்றோட்டம். ஈரம் வெளித்துணியின் உட்புறமாகவே வழிந்து இறங்கிவிடும். குச்சி அலுமினியமாக இருக்கட்டும். வளைந்தால் ஓரளவு நிமிர்த்தலாம், ஃபைபர் கிளாஸ் பிளந்துவிடும். மெக்கானிக்கல்காரர்களுக்கு நான் சொல்லணுமா! சுமைக்கு முகம் சுளித்தால், துணி ஒருத்தர், குச்சியும் ஆணியும் இன்னொருத்தர்.

இன்னொன்று. கடையிலேயே விரிக்கச் சொல்லி இரண்டு பேரும் உள்ளே படுத்துப் பாருங்கள். 'இருவர்' என்ற கணக்கில் பெரும்பாலும் பைகளுக்கு இடமில்லை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!