புயலாகாத தாழ்வு மண்டலமும் உடைந்த அணையும்: திருப்பதி, டெர்னா உணர்த்தும் முன்கணிப்புப் பாடம்

திருப்பதி: வங்கக்கடலில் உருவாகும் புயல் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்பதைச் சில நாள்களுக்கு முன்பே கணிக்கும் திறன் இந்தியாவுக்கு உண்டு. ஆனால், அது கொண்டுவரும் மழை எந்த மலைச்சரிவில் எவ்வளவு கொட்டும் என்பதைக் கணிப்பது இன்றும் கடினமாகவே உள்ளது. ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டம் 2021 நவம்பரில் சந்தித்த பெருவெள்ளம் இந்த இடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டியது. 2023 செப்டம்பரில் மத்தியதரைக் கடலில் உருவான 'டேனியல்' புயலும் அதையே உறுதிப்படுத்தியது.

கரை கடந்தது ஓரிடம், வெள்ளம் வேறிடம்

2021 நவம்பர் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்த அமைப்பு, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மட்டுமே. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யை எட்டினால்தான் அதற்குப் புயல் என்ற தகுதி கிடைக்கும். எனவே அதற்குப் பெயரும் சூட்டப்படவில்லை. தெற்கு ஆந்திரக் கடலோரத்துக்கும் ராயலசீமாவுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தது.

ஆயினும் பாதிப்பின் அளவு பலரது எதிர்பார்ப்பையும் மீறியது. திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. ராயலசெருவு ஏரி உடையும் அபாயத்தால் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து பலர் உயிரிழந்தனர்.

தாழ்வு மண்டலத்தின் வடக்குப் பகுதியில் கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று சேஷாசல மலைத்தொடரில் மோதி மேலெழும்பும்போது குளிர்ந்து, பெருமழையாகக் கொட்டுகிறது. இதனால், கரை கடக்கும் இடத்திலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பாலுள்ள ஊர்கள் பேரிடரின் மையமாக மாறக்கூடும்.

மாதிரிகளின் எல்லை

கணினி வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. 12 கி.மீ. அகலமுள்ள கட்டத்தில் மலையும் பள்ளத்தாக்கும் சராசரி உயரமாகச் சுருங்கிவிடும். மழையின் உச்சமும் அத்துடன் மழுங்கிவிடும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' 2025 மே 26 அன்று தொடங்கப்பட்டது. அதன் கட்ட அளவு 6 கி.மீ. இது முன்னேற்றமே எனினும், சிற்றாறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு அதைவிட நுட்பமான கணிப்பு தேவை.

மாதிரி எவ்வளவு நுட்பமானதாயினும், தொடக்கத் தரவு பிழையானால் விடையும் பிழையாகும். இங்குதான் திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் இயங்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் முக்கியத்துவம் பெறுகிறது. விண்வெளித் துறையின் கீழுள்ள இந்நிறுவனத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டு வானின் பல்வேறு உயரங்களில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளவிடுகிறது.

மத்தியதரைக் கடலின் சவால்

'மெடிகேன்' எனப்படும் மத்தியதரைக் கடல் புயல்கள் கணிப்பாளர்களை வேறு விதமாகச் சோதிக்கின்றன. அவை பெரும்பாலும் குளிர்ந்த மேல்காற்றால் உருவாகும் மிதவெப்ப மண்டலத் தாழ்வாகத் தொடங்கி, பின்னர் கடலின் வெப்பத்தைப் பெற்று வெப்பமண்டலப் புயலின் இயல்பை அடைகின்றன. அளவில் சிறியவை, ஆயுளும் குறைவு. எந்தத் தாழ்வு அவ்வாறு உருமாறும், எப்போது மாறும் என்பதை முன்கூட்டியே சொல்வது எளிதன்று. தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை மாதிரியை இயக்கி, கிடைக்கும் முடிவுகளின் பரவலைக் கொண்டு நிகழ்தகவை மதிப்பிடுவதே இதற்கான வழி. இந்திய முன்கணிப்பிலும் இம்முறை நடைமுறையில் உள்ளது.

கிரீஸ் வானிலைத் துறை பெயர் சூட்டிய டேனியல் புயல், 2023 செப்டம்பர் 10 அன்று லிபியாவைத் தாக்கியது. அல் பைடா நகரில் 24 மணி நேரத்தில் 414 மி.மீ. மழை பதிவானது. லிபிய வானிலை மையம் முன்னதாகவே எச்சரித்திருந்தது. ஆனால், டெர்னா நகருக்கு மேலேயிருந்த இரு அணைகளின் நிலையை அந்த எச்சரிக்கை கணக்கில் கொள்ளவில்லை. அவை உடைந்ததில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

எச்சரிக்கையிலிருந்து மதகு வரை

அன்னமய்யா அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என அப்போதைய மத்திய ஜல்சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் தெரிவித்தார். டெர்னாவுக்கும் ராயலசீமாவுக்கும் உள்ள ஒற்றுமை இதுவே: இரண்டிலும் வானிலை எச்சரிக்கை இருந்தது, அதை அணைக்கும் ஆற்றுக்கும் உரிய நடவடிக்கையாக மாற்றும் ஏற்பாடு போதவில்லை.

மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று அறிவிப்பதோடு பணி முடிந்துவிடாது. எந்த ஏரி நிரம்பும், எந்த மதகை எத்தனை மணி நேரத்துக்கு முன் திறக்க வேண்டும், எந்த ஊர் மக்கள் இரவுக்குள் வெளியேற வேண்டும் என்பனவற்றையும் முன்கணிப்பு சொல்ல வேண்டும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், புயலாக வலுப்பெறாத தாழ்வு மண்டலங்களுக்கும் இதே கவனம் தேவை.