நிலத்துக்கு விலை உண்டு, விதைக்கு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்காக ஒரு சர்வே எண்ணைக் கையகப்படுத்தும்போது எடுக்கும் கணக்கு நீளமானது. நஞ்சையா புஞ்சையா, கிணறு உண்டா, எத்தனை தென்னை, எத்தனை மா, நிற்கும் பயிர் என்ன என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தொகை போடுவார்கள். அடுத்த பட்டத்துக்கென்று வீட்டில் கட்டி வைத்திருக்கும் விதை அந்தக் கணக்கில் வராது. நிலத்தோடு ஒட்டிய சொத்துக்குத்தான் சட்டத்தில் இழப்பீடு; விதை பரணில் இருக்கிறது.

விதைக் காப்பு என்றாலே நமக்கு நார்வே நினைவுக்கு வருகிறது. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லாங்இயர்பியன் ஊருக்கு வெளியே மலையைக் குடைந்து 2008 பிப்ரவரியில் திறந்த உலக விதைப் பெட்டகம் அது. 45 லட்சம் மாதிரிகளுக்கு இடம். மைனஸ் 18 டிகிரியில் இப்போது 13 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகிறவர்களும் பனிச்சரிவில் துருத்தி நிற்கும் கான்கிரீட் வாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உள்ளே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பேங்க் லாக்கர் முறை: வைத்தவர் மட்டுமே தன் பெட்டியைத் திறக்கக் கேட்கலாம். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை என லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அங்கே அனுப்பியிருக்கிறது.

இந்தியாவிலும் இதற்குக் குறைவில்லை. லடாக்கின் சாங் லா கணவாயில், 17,000 அடிக்கு மேலே, 2010 முதல் ஒரு பனிக் கிடங்கு உண்டு. டெல்லி பூசாவில் தேசிய மரபணு வங்கி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி, சென்னை தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சமுதாய மரபணு வங்கி.

அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். சிரியாவைப் பார்த்தால் தெரியும். அலெப்போ அருகே இயங்கிய இக்கார்டா ஆய்வு மையம் போரில் கைவிட்டுப் போனது. ஸ்வால்பார்டிலிருந்து முதன்முதலாக விதையைத் திரும்ப எடுத்தவர்கள் அவர்கள்தான், ஆண்டு 2015. வந்தது என்ன? ஒரு ரகத்துக்குச் சில நூறு விதைகள் கொண்ட பொட்டலம். அதை லெபனானிலும் மொராக்கோவிலும் வயலில் விதைத்து, அறுத்து, பெருக்கிய பிறகே ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடிந்தது. மறுபடி பெட்டகத்துக்கும் அனுப்ப முடிந்தது. குளிர்ப்பெட்டி காலத்தை மட்டும் வாங்கித் தருகிறது. உறைந்த விதையும் மெல்லச் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. முளைப்புத் திறன் குறையும்போது மண்ணில் போட்டுப் புதுப்பித்தே ஆக வேண்டும். வயல் இல்லாத விதை வங்கி நாளடைவில் அருங்காட்சியகம்தான்.

ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை விதை விஷயத்தில் ஏதோ ஓரத்துப் பூமி அல்ல. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த மண். செங்கல்பட்டு சிறுமணி என்று ஊர்ப் பெயரையே சுமக்கும் ரகம் உண்டு. வடக்கே திருவள்ளூரை ஒட்டிய திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து 1952-ல் வெளியான டிகேஎம் 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் நெல். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக வைத்து உருவாக்கியதுதான் ஐஆர் 20. ஐம்பதைத் தாண்டிய விவசாயி யாரைக் கேட்டாலும் ஐஆர் 20 என்றால் தெரியும். அதன் ஒரு வேர் பக்கத்து ஊரில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே நாட்டு நெல்லை ஒழித்தது கார்த் தொழிற்சாலை இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் முதல் கார் வெளிவருவதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே குட்டை ரகங்கள் வயலைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. அதற்குப் பிறகும் மிஞ்சியவை புஞ்சைக் கேழ்வரகு, எள், கொல்லை அவரை, கத்தரி, பாகல். இவற்றின் விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இருப்பது அபூர்வம். நிலம் போனதும் அந்த வேலையும் போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வீட்டு விதை பல ஆண்டு தாங்காது. சில ஆண்டு விதைக்காமல் விட்டால் கதை முடிந்தது.

ஏரிப் புறம்போக்கு இன்னும் மோசம். அது தனியார் யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே யாருக்கும் இழப்பில்லை. ஏரி, குட்டை ஓரச் சேற்றில் முளைக்கும் காட்டு நெல்லைக் களை என்றே நினைக்கிறோம். ஆசிய நெல்வயல்களைப் புல்குட்டை என்ற நோய் தாக்கியபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்ப்புத் திறன் கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். அது நின்ற இடத்தை முன்னதாகவே மண் கொட்டி மேடாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கேட்பது சிறியது. நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒரு பட்டம் முடிவதற்குள் வேளாண் பல்கலைக்கழகத்தார் வீடு வீடாகப் போய் விதை வாங்கட்டும், கொடுத்தவர் பெயரோடு பதியட்டும். ஐஸ்கிரீமுக்கும் மீனுக்கும் மைனஸ் இருபதில் அறை கட்டத் தெரிந்த நமக்கு விதைக்கு ஓர் அறை பெரிய காரியமா? பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்த அறையையும், ஏதாவது ஓர் ஏரியின் மதகடியில் விதை பெருக்கச் சில ஏக்கரையும் அந்தப் பணத்தில் பராமரிக்கலாம். 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கென எடுக்கும் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஏரிகளும் நெல்வயல்களும் அடங்கியிருக்கின்றன. அதை எதிர்த்த வழக்கும் போராட்டமும் எப்படி முடிந்தாலும், விதை சேகரிப்பு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உயிர்ப் பன்மைச் சட்டம் 2002-லேயே வந்துவிட்டது. அதன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் உயிர்ப் பன்மைப் பதிவேடு இருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊர் விதைகளின் பெயர் அதில் இல்லையென்றால், அங்கேயே தீர்மானம் போட்டு எழுத வையுங்கள்.