முதல்வர் கதிரையும் ஒரு நூலகமும்

யாழ்ப்பாண மாநகரசபை ஏன் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கும்: அதிகாரம் இல்லை, பணம் இல்லை. பத்திரிகையில் இவற்றை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இச்சபையின் சரித்திரம் வேறொன்றைச் சொல்கிறது.

யாழ். பொது நூலகம் என்றதும் 1981இன் தீ மட்டுமே நமக்கு நினைவுக்கு வருகிறது. எரிந்துபோன 97,000 நூல்களைப் பற்றிப் பேசாத மேடையில்லை. அந்நூலகம் எழுந்த விதத்தைப் பேசுவோரோ அரிது. நீதிமன்ற உத்தியோகத்தரான கே. எம். செல்லப்பா 1933இல் தமது இல்லத்தில் தொடங்கிய முயற்சி, 1934இல் வாடகை அறையொன்றுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் நகரசபையின் பொறுப்பில் வந்தது. அங்கேயே ஒரு மூலையில் தூசு படிந்து கிடந்திருக்கலாம். அப்படி நேராமற் காத்தவர்களில் முதன்மையானவர், 1949இல் மாநகரசபையின் முதலாவது முதல்வரான சாம் சபாபதி.

எண்ணம் அவருடையதன்று. பிறருடைய எண்ணத்துக்குத் தமது பதவியைக் கொடுத்தார், அவ்வளவுதான். 1952இல் கூடிய குழுவில் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளாரும் இருந்தார். நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். தம்மைவிட விடயம் அறிந்தவர்களை அழைக்கக் கூசாத தலைமை அது. பணம்? களியாட்டவிழா நடத்தித் திரட்டினார்கள்! 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11இல் கட்டடத்தைத் திறந்துவைத்தபோது முதல்வர் கதிரையில் இருந்தவர் அல்பிரட் துரையப்பா. முந்தியவர் தொடங்கியதைப் பிந்தியவர் கைவிடவில்லை. 1967இல் சிறுவர் பகுதியும் சேர்ந்தது.

இனிப் பிற்காலத்துக்கு வருவோம். கொழும்பின் கெடுபிடியை நான் மறைக்கவில்லை. குப்பை கொட்டுவோரைத் தண்டிக்க மாநகர காவல் அணியொன்றை அமைத்த முதல்வர் மணிவண்ணனை, அதன் சீருடையைக் காரணங்காட்டி 2021 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் கைதுசெய்தனர். புதியதொன்றைத் தொடங்கும் தலைவருக்கு இதைவிட அச்சமூட்டும் செய்தி வேண்டுமா?

ஆனால் 2020 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் மாநகரசபையின் வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடித்தவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்களல்லர். கையுயர்த்தியவர்கள் நம்மவர்கள். இரண்டு தடவையும் கதிரை காலியாயிற்று. நூலகம் எழ ஏழாண்டுகள் பிடித்தன. ஈராண்டு நிலைக்காத முதல்வரை நம்பி எந்த உத்தியோகத்தர் ஒரு புதிய யோசனையை எழுதிக் கொடுப்பார்? கொடுத்தால், அடுத்தவர் வந்ததும் அவர் முந்தியவரின் ஆளாகிவிடுவார் அல்லவா?

அந்நூலகத்துக்கு அருகிலேயே இந்தியா கட்டித்தந்த பண்பாட்டு மையம் பல மாடிகளுடன் நிற்கிறது. 2025 ஜனவரியில் அதன் பெயர் மாற்றப்பட்டபோது நம் தலைவர்களிடம் எழுந்த ஆவேசம் நியாயமானதே. அதை எவ்வாறு நடத்துவது, எமது பிள்ளைகள் அங்கே எதைக் கற்பது என்பதற்காக அந்த ஆவேசத்தில் பாதியையேனும் செலவிட்டார்களா?

2025 மே மாதத் தேர்தலின்பின் சபை மீண்டும் கூடுகிறது. சுகாதாரப் பகுதித் தொழிலாளி ஒருவரின் யோசனையை, அவருடைய பெயரைச் சொல்லியே முதல்வர் சபையில் முன்வைத்தார் என்ற செய்தியை எழுத நான் காத்திருக்கிறேன்.