எட்டு யயிட்டும் ஏழு ஷான் எழுத்துகளும்

பர்மிய மொழியின் ஸோஜி எழுத்துருவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மக்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள், யூனிகோட் பண்டிதர்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை.

ஒரே ஒரு எழுத்தைப் பார்ப்போம். பர்மியத்தில் 'யயிட்' என்று ஒரு குறி உண்டு. மெய்யெழுத்தை இடப்பக்கத்திலிருந்து அணைத்தாற்போல் வளைத்து எழுதுவார்கள். 'மியன்மா' என்று நாட்டின் பெயரை எழுதவே முதல் எழுத்தில் அது வேண்டும். கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் அது மெய்க்குப் பின்னால் சேரும் ஒலி. நம் 'கெ'யில் கொம்பு முன்னால் நின்றாலும், கணினியில் 'க' முதலில், கொம்பு பிறகு என்று வைக்கிறோமே, அதே போலத்தான் யூனிகோடும் யயிட்டை மெய்க்குப் பின் வைக்கிறது. ஒரே குறி, ஒரே எண். அகலமான எழுத்தானால் நீட்டி வரைவதும், குறுகலானால் சுருக்கி வரைவதும் எழுத்துருவின் வேலை.

ஸோஜி என்ன செய்தது? யயிட்டை மெய்க்கு முன்னால் வைத்தது. போதாதென்று அகலத்துக்கு ஒன்று, மேலே குறி வந்தால் ஒன்று, கீழே வந்தால் ஒன்று என எட்டு யயிட்டுகளுக்கு எட்டு எண்கள். அவற்றில் ஏழு, யூனிகோடில் ஷான் மொழிக்குரிய இடங்கள்!

அப்போது அது காலி மனைதானே என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2008க்கு முன் யூனிகோடின் பர்மிய ஏற்பாடே அரைகுறை. விண்டோஸில் எழுத்து ஒழுங்காகத் தெரியவும் இல்லை. ஜனங்கள் எழுதித்தானே ஆக வேண்டும்? நாமும் திஸ்கியில் கொம்பை முன்னால் வைத்துத் தட்டியவர்கள்தான், பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்று அலைந்தவர்கள்தான். ஆனால் 2008 ஏப்ரலில் யூனிகோட் 5.1 வந்து, அந்த மனைகளுக்கு ஷான்காரர் பெயரில் பட்டா கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகும் வீட்டைக் காலி செய்யாமல் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததற்கு என்ன பெயர்? 2014க்குப் பிறகு சிம் கார்டு விலை சரிந்து ஊரெல்லாம் கைபேசி வந்தபோது, அதற்குள்ளும் ஸோஜியே ஏறிக்கொண்டது. அந்தக் கைபேசியில் ஒரு ஷான் பையன் தன் மொழியில் வந்த கடிதத்தைத் திறந்தால், அவன் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பர்மிய யயிட் நிற்கும். வங்கியில் கணக்கெழுதியவன் சொல்கிறேன், ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டியதை இன்னொருவர் கணக்கில் வைத்துவிட்டு "பெரும்பான்மை வாடிக்கையாளர் திருப்தி" என்று சொன்னால் ஆடிட்டர் விடுவாரா?

நஷ்டம் ஷான், மோன், கரேன் மக்களோடு நிற்கவில்லை. ஸோஜியில் எழுதிய 'மியன்மா'வை யூனிகோடில் தேடினால் கிடைக்காது. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடிய காலத்தில், முகநூலில் வெறுப்பு கொட்டிக் கிடந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கு இந்த இரட்டை எழுத்துமுறை ஒரு தடை என்று அந்த நிறுவனமே பிறகு சொன்னது. எழுத்துருவா ஆளைக் கொன்றது என்று கேட்காதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாக்கியம் இரண்டு விதமாகப் பதிவாகும் நாட்டில், வடிகட்டி எதைப் பிடிக்கும்?

2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவது என்று அரசு நாள் குறித்தது. நல்ல காரியம், தாமதமான காரியம். பழைய பதிவுகளோ அப்படியே கிடக்கின்றன. எது ஸோஜி, எது யூனிகோட் என்று எழுத்துக்குள் எந்த அடையாளமும் இல்லாததால், கூகுள் வெளியிட்ட கருவிகூட நிகழ்தகவு பார்த்து ஊகிக்கத்தான் செய்கிறது. அந்த ஊகம் தவறி ஒரு ஷான் வரியை ஸோஜி என்று எண்ணி மாற்றிவிட்டால், ஏழு எழுத்துகளும் ஒரே யயிட்டாகிவிடும். அதிலிருந்து பழைய வரியை மீட்க வழியே கிடையாது.