மாத்திரைக்கு ஒரு நியாயம், பாடத்துக்கு ஒரு நியாயமா?

1956-ல் சென்னையில் தொடங்கிய சோதனை அது. காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு. மற்றவர்களுக்கு நெரிசலான வீட்டிலேயே மருந்து. ஓராண்டு கழித்துப் பார்த்தால் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள்! 1959-ல் முடிவு வெளியானது. வீட்டு சிகிச்சை உலகெங்கும் பரவியது.

ஆசிரியர் பயிற்சியில்? பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். இதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் 2008-லேயே எழுதிவிட்டார்கள். பல நாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் அது இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. (பாவம், ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்ய முடியும்!)

பாதிப் பள்ளிகளில் புது முறை, பாதியில் பழையது என்று குலுக்கிப் போட்டு ஒரு வருஷம் பார்த்தால் என்ன? வகுப்பறை ஒன்றும் ஆய்வுக்கூடம் அல்ல என்பார்கள். அந்த நெரிசலான வீடுகள் மட்டும் ஆய்வுக்கூடங்களாகவா இருந்தன?