மலைக்கு அடியில் ஒரு காவல்!

ஜப்பான் நாட்டில் காமியோகா என்று ஒரு ஊர். அங்கே மலையைக் குடைந்து, ராட்சதக் குகை ஒன்றைத் தோண்டியிருக்கிறார்கள். குகையின் அகலம் 69 மீட்டர். உயரம் 94 மீட்டர். தோண்டும் வேலை 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் முடிந்தது.

இந்தக் குகைக்குள் தொட்டி கட்டி, 2 லட்சத்து 60 ஆயிரம் டன் சுத்தமான தண்ணீரை நிரப்பப் போகிறார்கள்.

எதற்காக? "நியூட்ரினோ" என்ற துகளைப் பிடிப்பதற்காக!

பிடிபடாத துகள்

நியூட்ரினோ, அணுவைவிட மிக மிகச் சிறியது. சூரியனிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நமது விரல் நகம் ஒன்றின் வழியாக மட்டும், விநாடிக்குச் சுமார் 6 ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. நமக்கு வலியும் இல்லை, கெடுதலும் இல்லை. பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

எப்போதாவது ஒன்று, தண்ணீரில் உள்ள அணு மீது மோதும். அப்போது மங்கலான நீல ஒளி தோன்றும். தொட்டியின் சுவர் முழுவதும் பதித்திருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் அந்த ஒளியைக் கண்டுகொள்ளும்.

மலைக்கு அடியில் ஏன் வைக்க வேண்டும்? வானிலிருந்து வேறு துகள்களும் மழைபோலப் பொழிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை மலை தடுத்துவிடுகிறது. நியூட்ரினோவோ தடையின்றி உள்ளே வருகிறது.

13 விநாடி அதிசயம்

காமியோகாவில் முன்பு 3 ஆயிரம் டன் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அமைத்தவர் பேராசிரியர் கோஷிபா. 1987-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, 13 விநாடிகளில் 11 நியூட்ரினோக்கள் அதில் சிக்கின. 1½ லட்சம் ஒளி ஆண்டுகளுக்கும் அப்பால் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து அவை வந்தன. வெடிப்பின் ஒளியை மனிதர்கள் காண்பதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டன!

அடுத்த மாதம் கோஷிபா பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 2002-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அன்று அந்தத் தொட்டி பழுதாகிக் கிடந்திருந்தால்? அந்த 11 நியூட்ரினோக்களும் தண்ணீரைக் கடந்து போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

1996-ல் 50 ஆயிரம் டன் தொட்டி வந்தது. நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பதை 1998-ல் அது காட்டியது. அதற்காகக் கஜிதா என்ற விஞ்ஞானி 2015-ல் நோபல் பரிசு பெற்றார்.

கோலார் சுரங்கம்

இந்தத் துறையில் இந்தியாவும் முன்னோடிதான். 1965-ல், கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை நமது விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் அதில் கூட்டாளிகள். பின்னர் சுரங்கத்தில் வேலை குறைந்து, ஆழப் பகுதிகள் மூடப்பட்டன. ஆராய்ச்சியும் நின்றது. ஜப்பானோ நிறுத்தவில்லை. ஒன்றைவிட ஒன்று பெரிதாகக் கட்டிக்கொண்டே வந்தது.

என்ன லாபம்?

இவ்வளவு பணம் செலவழித்து என்ன பயன் என்று கேட்கலாம். நமது ரத்தத்தில் உள்ள இரும்பு, நட்சத்திரங்களில் உண்டானது. வெடித்த நட்சத்திரங்கள்தான் அதை வெளியே சிதறவிட்டன. அந்த வெடிப்பின் உள்ளே நடப்பதை நேராக வந்து சொல்லும் தூதன் நியூட்ரினோ.

நமது பால்வீதியில் நட்சத்திரம் வெடித்ததை மக்கள் வெறும் கண்ணால் நன்றாகப் பார்த்தது 1604-ல். அடுத்தது நாளையே நடக்கலாம். நூறு ஆண்டு கழித்தும் நடக்கலாம். நடக்கும்போது, புதிய தொட்டியில் 11 அல்ல, பல்லாயிரம் நியூட்ரினோக்கள் சிக்கும்.

புதிய தொட்டியை 2028-ல் இயக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதுவரை பழைய தொட்டி காவல் காக்கிறது.